லினக்ஸ் கருநிரலில் நிலைபொருள் இடைமுகமும் மின்னாற்றல் மேலாண்மையும்: பிழைதிருத்தம் இடம்பெறும் நிலைகள்

ஆய்வுச்சுருக்கம்

கணினியை உறங்கச் செய்தல், விழிக்கச் செய்தல், அணைத்தல், மீண்டும் தொடங்குதல் ஆகியவற்றை இயங்குதளமும், வன்பொருளோடு சேர்ந்து வரும் நிலைபொருளும் இணைந்தே நிறைவேற்றுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான உடன்பாடாக 1996 முதல் ஏ.சி.பி.ஐ. என்னும் வரையறை விளங்கி வருகிறது. ஆயினும் அவ்வரையறையை வரிக்கு வரி பின்பற்றும் கருநிரல் பல கணினிகளில் சரிவர இயங்குவதில்லை. அதற்கான காரணத்தையும், லினக்ஸ் கருநிரலில் இக்குறைகள் எந்தெந்த நிலையில் திருத்தப்பட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு கணினிக்கென்று செய்யப்படும் திருத்தத்தைக் காட்டிலும், கருநிரலின் பொது நடத்தையை மாற்றும் திருத்தமே நிலைத்து நிற்கிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிலைபொருள், கருநிரல், லினக்ஸ், ஏ.சி.பி.ஐ., மின்னாற்றல் மேலாண்மை, உறக்கநிலை, பிழைதிருத்தம்.

முன்னுரை

கணினியின் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டு, மின்னிணைப்புக் கிடைத்தவுடன் முதலில் இயங்கும் நிரல் நிலைபொருள் எனப்படும். பழைய கணினிகளில் பயாஸ் என்றும் புதிய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. என்றும் இது வழங்குகிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியாக இருந்து வன்பொருளை நேரடியாக ஆளும் கெர்னலை இக்கட்டுரை கருநிரல் என்று குறிக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்னாற்றல் மேலாண்மை முழுவதும் நிலைபொருளின் கையில் இருந்தது. இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் 1992இல் வெளியிட்ட ஏ.பி.எம். முறையில், திரையை எப்போது அணைப்பது, வட்டை எப்போது நிறுத்துவது என்பனவற்றைப் பயாஸே தீர்மானித்தது. விசைப்பலகை சிறிது நேரம் தொடப்படாவிட்டால் கணினி ஓய்வாக இருப்பதாக அது கருதிவிடும். பின்னணியில் ஒரு பெருங்கணக்கு ஓடிக்கொண்டிருப்பதை அது அறிய வழியில்லை. அதை அறிந்திருந்தது இயங்குதளம் மட்டுமே. முடிவெடுக்கும் உரிமையோ அதற்கு இல்லை.

இந்த முரணைத் தீர்க்க இன்டெல், மைக்ரோசாப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏ.சி.பி.ஐ. வரையறையின் முதற்பதிப்பை வெளியிட்டன. 2013 முதல் யு.இ.எஃப்.ஐ. மன்றம் அதனைப் பேணி வருகிறது. முடிவெடுப்பது இயங்குதளம், அதனை இந்தக் கணினியில் எவ்வாறு நிறைவேற்றுவது என்று சொல்வது நிலைபொருள் என்பதே இவ்வரையறையின் அடிப்படைப் பங்கீடு. கருத்தளவில் இது தெளிவான பங்கீடுதான். சிக்கல் முழுவதும் அந்த ‘எவ்வாறு’ என்பதில் அடங்கியிருக்கிறது.

அட்டவணைகளும் அவற்றுள் பொதிந்த நிரலும்

கணினி தொடங்கியதும் கருநிரல் ஆர்.எஸ்.டி.பி. எனப்படும் சுட்டியைத் தேடுகிறது. பயாஸ் கணினிகளில் நினைவகத்தின் முதல் ஒரு மெகாபைட்டுக்குள் குறிப்பிட்ட சில பகுதிகளில், 16 பைட்டுகளுக்கு ஓரிடமாகப் பார்த்து, எட்டு எழுத்து அடையாளம் ஒன்றைக் கொண்டு அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் அதன் முகவரியை நிலைபொருளே கொடுத்துவிடுகிறது. அச்சுட்டி ஒரு மூல அட்டவணையைக் காட்டும்; மூல அட்டவணை ஏனைய அட்டவணைகளைக் காட்டும். அவை பெரும்பாலும் 36 பைட் தலைப்பும் நான்கெழுத்துப் பெயரும் கொண்டவை. அட்டவணையின் பைட்டுகள் அனைத்தையும் கூட்டினால் இறுதி எட்டு பிட்டுகள் பூச்சியமாக வர வேண்டும். வராவிடில் அட்டவணை சிதைந்துள்ளது என்று பொருள்.

செயலிகள் எத்தனை, குறுக்கீடுகள் எவ்வழியே வருகின்றன, மின்னாற்றல் பதிவகங்கள் எந்த முகவரியில் உள்ளன போன்ற தகவல்களை வெறும் எண்களாகத் தரும் அட்டவணைகள் கருநிரலுக்கு அதிகத் தொல்லை தருவதில்லை. டி.எஸ்.டி.டி. எனப்படும் அட்டவணை அத்தகையதன்று. அதனுள் இருப்பது நிரல். கணினி உற்பத்தியாளர் ஏ.எஸ்.எல். என்னும் மொழியில் எழுதி, ஏ.எம்.எல். என்னும் குறிமுறையாக மாற்றி வைத்தது அது. மின்கலத்தில் எஞ்சியுள்ள ஆற்றல் எவ்வளவு என்று அறியவேண்டுமானால், கருநிரல் அந்நிரலின் உரிய செயல்முறையை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்க வேண்டும்.

கணினியை அணைத்தல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. எஸ்5 என்னும் அணைந்த நிலைக்குரிய எண் என்ன என்பது கணினிக்குக் கணினி மாறும். கருநிரல் அதனை டி.எஸ்.டி.டி.யிலிருந்து பெற்று, மின்னாற்றல் கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் 10, 11, 12ஆம் பிட்டுகளில் எழுதி, 13ஆம் பிட்டை ஒன்றாக்குகிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் நிற்கிறது. அவ்வெண் தவறாக இருந்தால் திரை இருண்டும் விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும்.

இதில் ஒன்றைக் கருத வேண்டும். வேறொருவர் எழுதிய, மூலநிரல் வெளியிடப்படாத நிரலொன்றைக் கருநிரல் தன் உச்ச அதிகாரத்துடன் தனக்குள்ளேயே இயக்குகிறது. பயன்பாட்டு நிரல்கள் எதற்கும் வழங்கப்படாத நம்பிக்கை இது.

ஏ.எம்.எல். குறிமுறையை இயக்குவதற்கு இன்டெல் நிறுவனம் ஏ.சி.பி.ஐ.சி.ஏ. என்னும் திறமூலத் தொகுப்பை உருவாக்கியது. லினக்ஸும் ஃபிரீபி.எஸ்.டி.யும் அதனைப் பயன்படுத்துகின்றன, ஓப்பன்பி.எஸ்.டி. தனக்கென வேறொன்றை எழுதிக்கொண்டது. மடிக்கணினி உற்பத்தியாளர் பெரும்பாலும் விண்டோஸை நிறுவியே விற்கிறார். தாம் எழுதிய டி.எஸ்.டி.டி. விண்டோஸில் இயங்கினால் அவருடைய சோதனை முடிந்துவிடுகிறது. ஆகவே விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும் பிழைகள் அனைத்தும் சந்தைக்கு வந்துசேர்கின்றன. ஒரு மதிப்பைத் திருப்பித் தரவேண்டிய செயல்முறையில் அதற்கான கட்டளையை எழுத மறந்திருப்பார்கள். விண்டோஸ் இறுதியாகக் கணித்த மதிப்பையே விடையாகக் கொள்ளும். வரையறைப்படி நடக்கும் நிரலோ பிழை என்று சொல்லி நின்றுவிடும். இத்தகைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் தளர்வு ஏ.சி.பி.ஐ.சி.ஏ.வில் பின்னர் சேர்க்கப்பட்டது. லினக்ஸில் இன்று தளர்வே இயல்புநிலை; கண்டிப்பு வேண்டுமென்று விரும்புவோர்தான் கணினி தொடங்கும்போது தனியாகக் கேட்க வேண்டும்.

இயங்குதளத்தின் பெயரைக் கேட்கும் நிலைபொருள்

இயங்குதளம் எவ்வசதிகளை அறியும் என்று நிலைபொருள் வினவுவதற்காக ஓ.எஸ்.ஐ. என்னும் செயல்முறை ஏற்படுத்தப்பட்டது. நடைமுறையில் அது வசதிகளைப் பற்றிய வினாவாக நிலைக்கவில்லை. பெயரைக் கேட்கும் வினாவாக மாறிவிட்டது. ‘விண்டோஸ் 2001’ என்பது எக்ஸ்பி பதிப்பையும், ‘விண்டோஸ் 2006’ விஸ்டாவையும், ‘விண்டோஸ் 2009’ ஏழாம் பதிப்பையும், ‘விண்டோஸ் 2012’ எட்டாம் பதிப்பையும் குறிக்கும். நிலைபொருள் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆம் என்ற விடை கிடைத்தவற்றுள் புதியதற்கேற்பத் தன் நடத்தையை அமைத்துக்கொள்கிறது. லினக்ஸ் இவையனைத்துக்கும் ஆம் என்றே விடையளிக்கிறது. இதனைப் பொய் என்பதைவிட, தன்மீது சோதிக்கப்பட்ட பாதையிலேயே நடப்பேன் என்னும் உறுதிமொழி என்பதே பொருத்தம்.

‘லினக்ஸ்’ என்றே கேட்கும் நிலைபொருளுக்கு என்ன விடையளிப்பது? தொடக்கத்தில் லினக்ஸ் ஆம் என்று சொல்லி வந்தது. 2007இல் வெளியான 2.6.23 பதிப்பிலிருந்து இல்லை என்று சொல்கிறது. தன் பெயரைத் தானே மறுப்பது வியப்பாகத் தோன்றினும் காரணம் வலுவானது. விண்டோஸ் பதிப்பு ஒன்று வெளியான பின் பெரிதும் மாறுவதில்லை. கருநிரலோ சில மாதங்களுக்கொரு முறை மாறிக்கொண்டிருப்பது. எனவே ‘லினக்ஸ்’ என்ற ஒரு சொல் எந்தக் குறிப்பிட்ட நடத்தையையும் உணர்த்தாது. விழிக்கும்போது வரைகலை அட்டையை மீட்கும் திறன் லினக்ஸுக்கு இல்லை என்று கருதி, லினக்ஸ் என்றால் தானே மீட்கும்படி ஓர் உற்பத்தியாளர் எழுதிவைத்தார் எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு லினக்ஸ் இயக்கி அத்திறனைப் பெற்றுவிடும். அப்போது நிலைபொருளின் உதவியே இடையூறாகும். கருநிரலைப் புதுப்பிப்பவர் பலர், நிலைபொருளைப் புதுப்பிப்பவர் சிலர் என்பதால் அவ்விடையூறு கணினியின் ஆயுள் முழுதும் நீடிக்கும்.

விண்டோஸ் பெயர்களுக்கு ஆம் என்பதும் செலவில்லாத செயலன்று. ‘விண்டோஸ் 2012’ என்னும் பெயரை லினக்ஸ் ஏற்றபின், பல மடிக்கணினிகளில் திரையின் பின்னொளியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாமற் போயிற்று. எட்டாம் பதிப்பிலிருந்து பின்னொளியை வரைகலை இயக்கியே நேரடியாக ஆளத் தொடங்கியதால், புதிய நிலைபொருள்களில் அதற்கான ஏ.சி.பி.ஐ. செயல்முறைகள் சோதிக்கப்படாமலே விடப்பட்டிருந்தன. பெயரை மட்டும் ஏற்று நடத்தையை ஏற்காததன் விளைவு அது. அத்தகைய கணினிகளில் லினக்ஸும் வரைகலை இயக்கி வழியாகவே பின்னொளியை ஆள்வதென இயல்புநிலை மாற்றப்பட்ட பின்னரே சிக்கல் தீர்ந்தது.

ஆர்.இ.வி. என்னும் மற்றொரு வினாவின் வரலாறும் இவ்வகையினதே. இயங்குதளம் ஆதரிக்கும் வரையறைப் பதிப்பின் எண்ணைத் தருவது அதன் பணி. லினக்ஸ் நேர்மையாக 5 என்றது. விண்டோஸ் எப்போதும் 2 என்றது. இரண்டைக் கடந்த எண் வந்தால் அது லினக்ஸ் என்று நிலைபொருள் எழுதுவோர் கண்டுகொண்டனர். 2015இல் வெளியான 4.2 பதிப்பிலிருந்து லினக்ஸும் 2 என்றே சொல்கிறது. அவ்வெண்ணைக் கொண்டு ஒலிச்சாதனத்தின் இணைப்புமுறையை மாற்றிய ‘டெல் எக்ஸ்.பி.எஸ். 13’ மடிக்கணினியின் 2015ஆம் ஆண்டு வகைக்கு மட்டும் கருநிரலில் விதிவிலக்கு ஒன்று எழுதப்பட்டது. பின்னர் ஏ.சி.பி.ஐ. வரையறையும் அவ்வெண்ணின் பொருளைச் சுருக்கி, நடைமுறைக்கு இணங்கிவிட்டது.

உறங்கிய கணினி எழாதபோது

எஸ்3 என்னும் உறக்கநிலையில் நினைவகத்துக்கு மட்டும் மின்னாற்றல் தொடரும்; செயலியும் பெரும்பாலான சாதனங்களும் அணைந்துவிடும். உறங்குமுன் கருநிரல் பயன்பாட்டு நிரல்களை உறையச் செய்து, சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒரு செயலியைத் தவிர மற்றவற்றை விலக்கி, விழிக்கும்போது தொடரவேண்டிய முகவரியை நிலைபொருளுக்கான அட்டவணையில் எழுதிவைத்துப் பதிவகத்தை மாற்றுகிறது. விழிக்கும் செயலி, எண்பதுகளின் தனிக்கணினியைப்போல 16 பிட் நிலையில், ஒரு மெகாபைட்டுக்குட்பட்ட முகவரியிலிருந்து இயங்கத் தொடங்கும். அங்கிருந்து இன்றைய 64 பிட் நிலைக்கு அது ஏறிவர வேண்டும்.

இவ்வழியில் எந்தப் படியில் தடுக்கினாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: கருந்திரை. பிழைச்செய்தியைக் காட்டத் திரை இல்லை. எழுதிவைக்க வட்டு இல்லை. இரண்டும் இன்னும் விழிக்கவில்லை. மின்பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கினால் நினைவகத்தில் இருந்த தடயமும் போய்விடும். பயனர் சேமிக்காது விட்டிருந்த வேலையும் அதனுடன் போகிறது.

இதற்கு லினஸ் டோர்வால்ட்ஸ் 2006இல் கண்ட வழி, அழகானது என்று சொல்ல முடியாவிட்டாலும் நினைவில் நிற்பது. கட்டாய மறுதொடக்கத்திலும் நிலைபொருளின் தொடக்கச் சோதனையிலும் அழியாமல் தப்புவது நிகழ்நேரக் கடிகாரம் ஒன்றே. அக்கடிகாரச் சில்லில் தரவு வைப்பதற்கென்றே சிறு நினைவகம் உண்டு; ஆனால் நிலைபொருள் அதனை அழித்துவிடக்கூடும். எனவே தடயத்தை நாளாகவும் நேரமாகவும் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. வினாடியைப் பயன்படுத்த முடியாது. மறுதொடக்கத்துக்குள் அது மாறிவிடும். நிமிடத்தை மூன்று மூன்றாகவே எண்ண முடியும். எல்லா மாதங்களுக்கும் பொருந்த வேண்டுமாதலால் நாள்கள் 28 மட்டுமே. ஆக 100 ஆண்டுகள், 12 மாதங்கள், 28 நாள்கள், 24 மணிகள், 20 நிமிடப் பிரிவுகள் ஆகியவற்றைப் பெருக்கினால் 1,61,28,000 வேறுபட்ட மதிப்புகள் கிடைக்கும். இது 24 பிட்டுக்கும் குறைவு. அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு பயனர் எண், கருநிரலின் கோப்பும் வரியும் சேர்ந்த சுருக்கக் குறியீடு, சாதனத்தின் சுருக்கக் குறியீடு ஆகிய மூன்றும் அடக்கப்பட்டன. இவற்றுக்கு முறையே 16, 997, 1009 மதிப்புகள்.

ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்புமுன் கருநிரல் கடிகாரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே செல்கிறது. கணினி நின்றுவிட்டால், பயனர் சுமார் மூன்று நிமிடங்களுக்குள் அதனை மீண்டும் தொடங்க வேண்டும். கருநிரல் கடிகாரத்தைப் படித்து, எந்த வரியில், எந்தச் சாதனத்தில் பயணம் நின்றது என்று கணித்துச் சொல்லும். நாட்காட்டி தாறுமாறாகிவிடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. சுருக்கக் குறியீடு ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்களுக்குப் பொருந்தவும் கூடும். ஆயினும் இருட்டில் துழாவுவதற்கு இது எவ்வளவோ மேல்.

இதைவிடப் பாதுகாப்பான முதற்படி ஒன்றும் உண்டு. உறக்கத்தின் ஐந்து கட்டங்களில் விரும்பிய கட்டம் வரை சென்று, ஐந்து வினாடி காத்திருந்து, நிலைபொருளிடம் ஒப்படைக்காமலே திரும்பிவரும் சோதனைமுறை கருநிரலில் உள்ளது. இறுதிக் கட்டம் வரை நலமாகத் திரும்பிய கணினி உண்மையான உறக்கத்தில் மட்டும் தவறுமானால், ஐயம் நிலைபொருளின் பக்கம் திரும்புகிறது.

அமைதியாக நிகழும் சிதைவு

எழாத கணினியைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, எழுந்து இயல்பாக இயங்குவதுபோலத் தோன்றும் கணினி. சில கணினிகளில் உறங்கி விழிக்கையிலோ திரைக்கான கேபிளைச் செருகுகையிலோ நிலைபொருள் நினைவகத்தின் அடிப்பகுதியில் எதையோ எழுதிவிடுகிறது. அப்பகுதி பயன்பாட்டுக்குரியது என்று அதே நிலைபொருள்தான் கருநிரலுக்குச் சொல்லியிருக்கும். அங்கே ஒரு கோப்பின் பகுதி இருந்திருந்தால் அது மாறிப்போகும். எச்சரிக்கை எதுவும் வராது.

இதனைத் திருத்திய வரலாறு இக்கட்டுரையின் கருத்துக்குச் சிறந்த சான்று. 2008இல் சிதைவு கண்டறியப்பட்டபோது, முதலில் குறிப்பிட்ட பயாஸ் தயாரிப்பாளர்களின் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டு, அவர்தம் கணினிகளில் மட்டும் முதல் 64 கிலோபைட் ஒதுக்கப்பட்டது. 2010இல் பட்டியல் கைவிடப்பட்டு, எல்லாக் கணினிகளிலும் அதனை ஒதுக்குவது இயல்பாக்கப்பட்டது. 2021இல் வெளியான 5.13 பதிப்பிலிருந்து முதல் ஒரு மெகாபைட் முழுவதையும் கருநிரல் எப்போதும் ஒதுக்கிவைக்கிறது. ஒரு மெகாபைட் இழப்பு இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டன்று. பட்டியலில் விடுபட்ட கணினியின் உரிமையாளருக்கோ, சிதைந்த கோப்பு பெரிய இழப்பு.

மறுதொடக்கமும் இதே பாதையில் வந்து நின்றது. ஏ.சி.பி.ஐ. தரும் மறுதொடக்கப் பதிவகத்தில் எழுதுவது, பயனில்லையேல் விசைப்பலகைக் கட்டுப்படுத்திக்கு ஆணையிடுவது, மீண்டும் பதிவகம், மீண்டும் விசைப்பலகைக் கட்டுப்படுத்தி என்பதே இன்று லினக்ஸ் பின்பற்றும் வரிசை. ஒரே செயலை இருமுறை செய்வதற்கு வரையறையில் காரணம் தேடிப் பயனில்லை. விண்டோஸுக்கு ஏற்ற வன்பொருள் அவ்வரிசையை எதிர்பார்க்கிறது என்று கருநிரலின் மூலநிரற் குறிப்பே கூறுகிறது.

திருத்தம் செய்யத்தக்க இடம்

பழுதான டி.எஸ்.டி.டி.யைப் பயனரே திருத்திக்கொள்ள இயலும். அட்டவணையைப் பிரதியெடுத்து, ஐ.ஏ.எஸ்.எல். என்னும் கருவியால் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றி, திருத்தி, தொகுத்து, தொடக்க வட்டுப்படிமத்தில் வைத்தால் கருநிரல் அதனையே ஏற்கும். நோயறிவதற்கு இது சிறந்த கருவி, மருந்தாகக் கொள்வதற்கில்லை. நிலைபொருளைப் புதுப்பித்த அன்றே திருத்திய அட்டவணை காலாவதியாகிறது. கருநிரலும் தன்மீது ‘ஏ’ என்னும் மாசுக்குறியை இட்டுக்கொள்வதால், பின்னர் அனுப்பும் பிழையறிக்கைகள் ஐயத்துடனேயே படிக்கப்படும்.

அடுத்தது, கணினியின் தயாரிப்பாளர் பெயரையும் வகைப்பெயரையும் கொண்டு கருநிரலில் எழுதப்படும் விதிவிலக்கு. மேற்கூறிய ஒலிச்சாதனம் போன்று, ஒரே வகைக்கு உரிய குறைக்கு இதுவே ஏற்றது. ஆனால் உற்பத்தியாளர் அதே நிரலை அடுத்த ஆண்டின் வகைக்கும் எடுத்தாளும்போது பெயர் பொருந்தாது; குறை மீண்டும் தோன்றும். ஒரே குறைக்கு மூன்று நான்கு பெயர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டால், கணினிகளில் அன்றி கருநிரலின் எதிர்பார்ப்பில் பிழை உள்ளதா என்று பார்ப்பதே முறை. பின்னொளி, முதல் மெகாபைட், மறுதொடக்க வரிசை ஆகிய மூன்றிலும் நிகழ்ந்தது அதுவே. வரையறையை நிலைபொருள்தான் மீறியது என்று வாதிடலாம், அவ்வாதம் சரியானதும்கூட. ஆனால் மாற்றக்கூடியதாகக் கையில் இருப்பது கருநிரல் மட்டுமே.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நிலையே இல்லை. அதற்கு மாற்றாக, செயலி எஸ்0 நிலையிலேயே இருந்து மிகக் குறைந்த ஆற்றலுக்கு இறங்கும் முறை வந்துள்ளது. லினக்ஸ் இதனை எஸ்2ஐடில் என்று அழைக்கிறது. விழிப்பின்போது நிலைபொருள் வழியாகச் செல்லும் அபாயம் இதில் குறைவு. ஆனால் பொறுப்பு சாதன இயக்கிகளின்மீது சரிந்துவிட்டது. ஒரே ஒரு சாதனம் தன் ஆழ்ந்த நிலைக்குச் செல்ல மறுத்தாலும் முழு அமைப்பும் மேல்நிலையிலேயே தங்கிவிடும். பைக்குள் வைத்த மடிக்கணினி காலையில் சூடாகவும், மின்கலம் வறண்டும் இருக்கும். இங்குக் கருந்திரை இல்லை, தடுமாற்றமும் இல்லை. எல்லாம் சரியாகவே நடந்ததாகக் கணினி சொல்லும். எனவே குறையறியும் முறையும் மாறுகிறது. இன்டெல் செயலிகளில், ஆழ்ந்த நிலையில் கழிந்த நேரத்தை மைக்ரோவினாடியில் காட்டும் எண்ணியைக் கருநிரல் வெளிப்படுத்துகிறது. உறங்குமுன்னும் விழித்தபின்னும் அதனைப் படித்து, வேறுபாட்டை உறங்கிய நேரத்துடன் ஒப்பிட வேண்டும். வேறுபாடு பூச்சியமாக இருந்தால் கணினி உறங்கவே இல்லை. எந்தச் சாதனம் விழித்திருந்தது என்று தேடும் பணி அங்கிருந்து தொடங்குகிறது.